முதுகால் கேட்ட பாட்டு

முதல் நாள், வியாழன்

ஹாம்பர்க் பிரதான ரயில் நிலையத்தில் இறங்கியபோது மணி நாலரை. நவம்பர் மாதத்தில் இந்த ஊர் அந்த நேரத்துக்கே விளக்கேற்றிவிடுகிறது. வெளியே தூறல்கூட இல்லை. ஆனால் ஐந்து நிமிடம் நடப்பதற்குள் சட்டைக் காலர் நனைந்துவிட்டது. காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. துறைமுக ஊரின் இந்த ஈரத்தை நான் மறந்திருந்தேன். முகத்தில் பட்டதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

இங்கே இரண்டு ஆண்டுகள் படித்தேன். எல்பே ஆற்றுக்குத் தெற்கே ஹார்பர்க்கில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பு. படிப்பு முடிந்து ஊர் திரும்பிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. இந்த முறை அலுவலக வேலையாக பெர்லின் வந்தேன். வேலை புதன்கிழமையே முடிந்தது. கையில் நான்கு நாள் விடுப்பு. உடன் வந்தவர்கள் பாரிஸ், பிராக் என்று கிளம்பினார்கள். நான் ஹாம்பர்க்குக்கு டிக்கெட் எடுத்தேன்.

2012 நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு, இந்த ஊரின் ஒரு சின்ன கிளப்பில் ஒரு ராக் கச்சேரி கேட்டேன். கூட்டம் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதற்குப் பிறகு பெரிய பெரிய மைதானங்களில், ஆயிரக்கணக்கானோர் நடுவில் நின்று, உலகமே அறிந்த குழுக்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றை நினைத்தால் வெளிச்சமும் திரையும்தான் ஞாபகம் வருகின்றன. அந்த நாற்பது பேர் கச்சேரியை நினைத்தால் முதுகு சிலிர்க்கிறது. அந்த அறையில் இன்னொரு முறை நிற்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

அறை சாங்க்ட் பவுலி பகுதியில் எடுத்திருக்கிறேன். இன்று தூக்கம் மட்டும்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் ரீப்பர்பான் சாலையில் நடந்தேன். உலகம் முழுக்க இந்தச் சாலைக்கு ஒரு பெயர் உண்டு. இரவு விடுதிகள், மதுக்கடைகள், பாலியல் தொழில். காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெயருக்குரிய எதுவும் கண்ணில் படவில்லை. தண்ணீர் பீய்ச்சிச் சாலையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ரீப்பர்பான் என்றால் கயிறு திரிப்பவர்களின் பாதை. கப்பலுக்கு வேண்டிய நீண்ட வடங்களை முறுக்க வளைவில்லாத நீள இடம் தேவை. அதற்காக ஊருக்கு வெளியே ஒதுக்கிய நிலம் இது. கயிறு போய்விட்டது, நேர்கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

அதன் மேற்குப் பகுதியில் வலப்பக்கம் பிரிவதுதான் குரோசே ஃப்ரைஹைட் தெரு. 'பெரும் சுதந்திரம்' என்று பொருள். இரவு வாழ்க்கையால் வந்த பெயர் என்றுதான் நான் மாணவியாக இருந்தபோது நினைத்திருந்தேன். அது தவறு. ஆல்டோனா தனி ஊராக இருந்த காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதை ஆண்ட பிரபு இந்தப் பகுதியில் கத்தோலிக்கர்களும் மென்னோனைட்டுகள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினரும் தங்கள் வழிபாட்டை நடத்தலாம், கைவினைஞர்கள் சங்கக் கட்டுப்பாடு இல்லாமல் தொழில் செய்யலாம் என்று உரிமை கொடுத்தார். அந்தச் சுதந்திரம்தான் தெருவின் பெயரில் இருக்கிறது. கத்தோலிக்கர்களின் புனித யோசேப்பு ஆலயம் இன்றும் விடுதிகளுக்கு நடுவே நிற்கிறது. கதவு திறந்திருந்ததால் உள்ளே போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்தேன். வெளியே ஒரு லாரி பீர் பீப்பாய்களை இறக்கிக்கொண்டிருந்த சத்தம் உள்ளே நன்றாகக் கேட்டது.

தெருவின் முனையில், லிவர்பூல் ராக் குழுவான பீட்டில்ஸின் பெயரில் ஒரு சதுக்கம். 2008-இல் திறந்தது. கறுப்புக் கல் பாவிய வட்டம், ஓர் இசைத்தட்டைத் தரையில் வைத்தது போல. அதன் மேல் எஃகில் வெட்டிய ஐந்து உருவங்கள். நான்கு பேர்தானே என்று கேட்கிறவர்களுக்கு: ஹாம்பர்க் வந்தபோது அவர்கள் ஐந்து பேர். ஸ்டூவர்ட் சட்கிளிஃப் பேஸ் கிதார் வாசித்தார். டிரம்ஸில் பீட் பெஸ்ட். பின்னால் பீட் பெஸ்டின் இடத்துக்கு வந்த ரிங்கோ அப்போது ரோரி ஸ்டார்ம் என்பவரின் குழுவில், இதே தெருவில் அவர்களுக்குப் போட்டியாக வாசித்தார். டிரம்ஸ் உருவம் பீட் பெஸ்ட், ரிங்கோ இருவருக்கும் பொதுவானது என்கிறார்கள். அது நியாயம் என்று எனக்குப் படுகிறது.

36-ஆம் எண்ணில் ஒரு பெரிய கச்சேரி அரங்கு, அதன் நிலவறையில் கைசர்கெல்லர் என்ற கிளப். 39-இல் ஸ்டார் கிளப் இருந்தது. 1962 ஏப்ரல் 13 அன்று தொடங்கி 1969 கடைசி நாளோடு மூடியது. கட்டடம் 1983-இல் எரிந்தது. முற்றத்தில் ஒரு நினைவுக்கல் மட்டும், அங்கே வாசித்தவர்களின் பெயர்களோடு. அதில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நடந்தேன். நான் தேடி வந்த கதவு தெருவின் மறுகோடியில் இருக்கிறது.

64-ஆம் எண். இந்திரா கிளப்.

பெயரைப் பார்த்ததும் நமக்கு வேறு நினைவு வரும். ஆனால் இது நம் தேவலோகத்து இந்திரன்தான். 1960-இல் தெருவின் குறுக்கே ஒரு பெரிய யானை விளக்குப்பலகை தொங்கிய பழைய படங்கள் உண்டு. ஐராவதம் இங்கே மின்விளக்காக மின்னியிருக்கிறது. அதன் கீழேதான் 1960 ஆகஸ்ட் 17 அன்று, லிவர்பூலிலிருந்து ஒரு வேனில் அடைந்து வந்த ஐந்து பையன்கள் நுழைந்தார்கள். ஜார்ஜ் ஹாரிசனுக்கு வயது 17. பீட் பெஸ்ட் குழுவில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 30 மார்க். வார நாட்களில் நாலரை மணி நேரம், சனி ஞாயிறுகளில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். தூங்குவது அருகே பாம்பி என்ற சினிமாக் கொட்டகையின் திரைக்குப் பின்னால், கழிப்பறைச் சுவரை ஒட்டிய சரக்கு அறையில். அந்த முகவரியில் இன்று ஒரு சிறிய பலகை இருக்கிறது. அதையும் போய்ப் பார்த்தேன்.

இந்திராவில் 48 இரவுகள். கிளப் முதலாளி புரூனோ கோஷ்மிடர் கீழே நின்று 'மாக் ஷாவ்' என்று கத்துவாராம். கூட்டத்துக்கு வேடிக்கை காட்டு என்று அர்த்தம். பாட்டுக் கையிருப்பு தீர்ந்ததும் ஒரே பாட்டைப் பத்து நிமிடம் நீட்டினார்கள். பீட் பெஸ்ட் தாளத்தின் நான்கு அடிக்கும் பெரிய டிரமை மிதித்து அறையை அதிரவைக்கத் தொடங்கியது இந்த ஊரில்தான். மாடியில் குடியிருந்த ஒரு முதிய பெண்மணி சத்தம் தாங்காமல் புகார் செய்ய, அக்டோபரில் அவர்களைக் கைசர்கெல்லருக்கு மாற்றினார்கள். அந்தப் பெண்மணிக்காகவும் வருந்துகிறேன். சின்ன அறையில் எழும் இசை சுவரோடு நிற்காது.

ரவை ரவையாக மழை விழத் தொடங்கியது. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றபடியே 2012-ஐ நினைத்துக்கொண்டிருந்தேன். அறைக்கு வந்து இதை எழுதுகிறேன். இனி எழுதப் போவதுதான் நான் சொல்ல வந்தது.

அன்று என்னை அழைத்துப் போனவள் வகுப்புத் தோழி, இந்த ஊர்க்காரி. பீட்டில்ஸ் முதலில் ஏறிய மேடையை நீ பார்க்க வேண்டாமா என்று ஹார்பர்க்கிலிருந்து எஸ்-3 ரயிலில் இழுத்து வந்தாள். வாசித்த குழு யாரும் அறியாதது. வடக்கே ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து வந்த நான்கு பேர். பிறகு கலைந்துபோய் வேறு வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள் என்று தோழி வழியாகக் கேள்விப்பட்டேன். அதனால் பெயரை எழுதவில்லை. நாங்கள் சீக்கிரம் வந்துவிட்டதால் மேடைக்கு நேர் முன்னால் இடம் கிடைத்தது. மேடை தாழ்வானது. டிரம்மரின் விரல்கள் வரை தெரிந்தன. இரண்டு விரல்களில் வெள்ளை ஒட்டுநாடா சுற்றியிருந்தார்.

அந்த நாடாவைப் பார்த்ததுமே அந்தக் குழுவினர் எனக்கு வேண்டியவர்களாகிவிட்டார்கள். என் தாத்தா தவில் வித்துவான், மன்னார்குடிப் பக்கம். வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொள்வார். துணியைப் பசையில் தோய்த்து விரலில் சுற்றி, காயவைத்து, கல் போல் இறுகிய கூடு. கச்சேரி முடிந்து அதைக் கழற்றும்போது விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அந்த விரல்களை ஜெர்மனியில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது பாட்டிலேயே சிக்கல் வந்தது. டிரம்ஸுக்கு அடியில் விரிக்கும் கம்பளத்தை அவர்கள் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பெரிய டிரமைக் காலால் மிதித்து அடிக்கும்போது ஒவ்வொரு மிதியும் அதை முன்னால் தள்ளும். அதைப் பிடித்து நிறுத்த முன்பக்கம் இரண்டு கூர்க்கால்கள் இருக்கும். வழவழப்பான பலகையில் அவை நிற்கவில்லை. டிரம் அங்குலம் அங்குலமாக மேடை விளிம்பை நோக்கி நகர்ந்தது. டிரம்மர் முக்காலியோடு பின்தொடர்ந்தார். பாட்டு முடிந்ததும் இழுத்து வைத்தார். மறுபடி நகர்ந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் அவர் தலையை உயர்த்தி நேரே என்னைப் பார்த்தார். கைகள் நிற்கவில்லை. கண்ணாலும் முகவாயாலும் கேட்டார்: கொஞ்சம் பிடிக்கிறீர்களா?

காலால் அண்டை கொடுத்துப் பார்த்தேன், போதவில்லை. மேடை மேல் ஏறி, கூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து, முதுகை டிரமின் வளையத்தில் அழுத்திக்கொண்டேன். பாட்டு முடிந்ததும் அவர் குனிந்து காதருகே சொன்னார்: "தோலில் சாயாதீர்கள், சத்தம் செத்துவிடும். வளையத்தில் மட்டும்." அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம், கச்சேரி முடியும் வரை, அப்படியே இருந்தேன்.

டிரமின் முன்தோலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை. ஒவ்வொரு மிதிக்கும் அதன் வழியாகக் காற்று வந்து என் முதுகில் அறைந்தது. அடி காதுக்கு வருவதற்கு முன் எலும்புக்கு வந்துவிட்டது. மிதி நின்ற பிறகும் மரக்கூட்டுக்குள் ஒரு முனகல் இருந்துகொண்டே இருப்பதை அப்போதுதான் அறிந்தேன். அவர் ஓர் அடியை வேண்டுமென்றே விடும்போது, விழாத அந்த அடிக்காக முதுகு தானாக இறுகியது. பேஸ் கிதார் பலகை வழியாகத் தொடையில் ஏறியது. பாடகரின் குரல் மட்டும் எங்கோ தலைக்கு மேலே.

ஆகவே அந்தக் கச்சேரியை நான் பார்க்கவே இல்லை. கேட்டவர்களைப் பார்த்தேன். நாற்பது முகங்கள். குளிர்கோட்டைக் கழற்றாமல் கண்ணை மூடி நின்ற ஒரு முதியவர். என் முதுகில் அடி விழும் அதே நொடியில் அவர் தாடை லேசாக அசைந்தது. கோப்பை துடைத்துக்கொண்டிருந்த பெண் துணியோடு நின்றுவிட்டாள். ஓர் இளைஞன் அழுதான், அதை மறைக்கவும் இல்லை. கடைசிப் பாட்டு மெதுவானது. மிதியும் மிதியும் தள்ளித் தள்ளி வந்தன. ஒவ்வொரு மிதியிலும் அந்த நாற்பது பேரும் சேர்ந்து மூச்சு விடுவது எனக்குத் தெரிந்தது. மேடையில் இருப்பவர்கள் எதைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மைதானத்தில் வாசிப்பவருக்கு இருட்டும் கைபேசி வெளிச்சமும்தான் தெரியும். இங்கே தாடையசைவு தெரிகிறது. அது தெரிந்தால் அடுத்த அடி வேறு மாதிரி விழும்.

முடிந்ததும் அவர் கை கொடுத்தார். நாடா வியர்வையில் ஊறிப் பிரிந்திருந்தது. நன்றி என்று இரண்டு முறை சொன்னார். ஹார்பர்க் போய்ச் சேரும் வரை நான் தோழியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சின்ன வயதில் தாத்தா உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரிகளில் அவருக்குப் பின்னால் முதுகோடு முதுகு ஒட்டி நான் உட்கார்ந்திருப்பேன். அவர் மேல் சாய்ந்தே தூங்கிவிடுவேன். தவிலின் தொப்பியில் பூவரசங் கழி விழும் கும்மென்ற நாதம் அவர் முதுகெலும்பு வழியாக எனக்கு வரும். அந்த நாதத்தை அவர் போன பிறகு நான் எங்கேயும் கேட்டதில்லை, இந்திரா கிளப்பில் கேட்கும் வரை.

மூன்றாம் நாள், சனி

பகலில் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறையில் நின்று கப்பல் பார்த்தேன். பழைய எல்பே சுரங்கப்பாதையில் இறங்கி, ஆற்றுக்கு அடியில் 24 மீட்டர் ஆழத்தில் நடந்து மறுகரை போய் வந்தேன். 1911-இல் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காகத் திறந்த பாதை. அவ்வளவே, மனம் இரவில் இருந்தது.

எட்டு மணிக்கு இந்திரா வாசல். வரிசையில் எனக்கு முன்னால் கிதார்ப் பெட்டியோடு இரண்டு பையன்கள். நான் ஊர் திரும்பிய அதே ஆண்டின் டிசம்பரில் இந்தப் பகுதியின் இன்னொரு புகழ்பெற்ற சின்ன கிளப், மோலோடோவ், தன் நிலவறையை இழந்தது. இருந்த கட்டடம் இடியக்கூடும் என்று ஒரே இரவில் எல்லோரையும் வெளியேற்றினார்கள். பிறகு கட்டடத்தையே தரைமட்டமாக்கினார்கள். கிளப் வேறு இடம் தேடிப் பிழைத்துக்கொண்டது. செய்தியைப் படித்த அன்று, இந்திராவும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். போகவில்லை. கதவு திறந்தது. மேடை அதே இடத்தில் இருந்தது.

இன்று மூன்று பேர் குழு. டிரம்ஸில் ஒரு இளம்பெண். முதலில் என் கண் போனது தரைக்குத்தான். சிவப்புக் கம்பளம், நான்கு ஓரமும் நாடாவால் ஒட்டியது. பெரிய டிரமுக்கு முன்னால் ஒரு மரக்கட்டை ஆணியடித்தது போல் நின்றது. யாரும் பிடிக்க வேண்டியதில்லை.

நல்ல குழு. அவசரமாகத் தொடங்கினார்கள், மூன்றாம் பாட்டில் நிதானம் வந்தது. அந்தப் பெண் தாளத்தைச் சற்றே பின்னால் வைத்து வாசித்தாள், கிதார் முந்த முந்த விடாமல். அறையில் அறுபது பேர் இருக்கலாம். முன்வரிசையில் நின்று உள்ளங்கையை மேடைப் பலகை மேல் வைத்துக்கொண்டேன். அதிர்வு வந்தது. முழங்கை வரை வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. வேறொரு இரவு, வேறொரு குழு. முதுகைத் தரும் முறை இன்று அந்தக் கட்டைக்கு.

இதே தெருவில் கைசர்கெல்லர் மேடை உளுத்த பலகைகளால் ஆனதாம். அதை யார் முதலில் குதித்து உடைப்பது என்று பீட்டில்ஸும் ரோரி ஸ்டார்ம் குழுவும் பந்தயம் வைத்தார்கள். உடைத்தது ரோரி ஸ்டார்ம். கை பலகை மேல் இருந்தபோது அது நினைவுக்கு வந்தது. ஒரு பலகையை அவ்வளவு நெருக்கமாக அறிய எத்தனை இரவு அதன் மேல் நின்றிருக்க வேண்டும்.

நள்ளிரவு தாண்டியும் தெருவில் கூட்டம். தூக்கம் வரவில்லை.

நான்காம் நாள், ஞாயிறு

விடிவதற்கு முன் எழுந்து மீன்சந்தைக்கு நடந்தேன். ஞாயிறுதோறும் ஆற்றங்கரையில் கூடும் சந்தை, 1703 முதல் நடக்கிறது. குளிர்காலத்தில் காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். மீன், வாழைப்பழம், பூச்செடி எல்லாவற்றையும் கூவிக் கூவி விற்கிறார்கள். பழைய மீன் ஏலக் கூடத்துக்குள் ராக் குழுக்கள் வாசிக்கின்றன. இரவு தூங்காதவர்களும் அப்போதுதான் எழுந்தவர்களும் சேர்ந்து ஆடும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும். ஹெர்ரிங் மீன் வைத்த ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு இரும்புத் தூண் ஓரமாக நின்றேன். வெங்காயம் நாக்கில் சுரீரென்றது.

ஊரில் மதியம் பன்னிரண்டரை. அம்மாவுக்குப் போன் போட்டேன். 2012 கதையை அவளிடம் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. இரவில் கிளப்புக்குப் போனேன் என்று அப்போது சொல்லத் தயங்கினேன். இன்று சொன்னேன், டிரம் நகர்ந்தது, நான் முதுகு கொடுத்தது, எல்லாம். தாத்தா மேல் சாய்ந்து தூங்கியது ஞாபகம் வந்தது என்றும் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நீ சாயவில்லை பாப்பா," என்றாள். "தாத்தாவுக்குக் கடைசி ஐந்தாறு வருஷம் இடுப்பு நிற்காது. தவிலை மடியில் வைத்தால் பின்னால் சரிந்துவிடுவார். சுவர் இருக்கிற மேடையாகக் கேட்டுப் போவார். சுவர் இல்லாத இடத்தில் உன்னைக் கூட்டிக்கொண்டு போவார். பிள்ளையைப் பின்னால் உட்காரவை, கொஞ்சம் எதிர்ப்பு இருந்தால் போதும், நான் வாசித்துவிடுவேன் என்பார். உனக்கு அப்போது ஆறு வயது. தூங்கினாலும் நீ நகர மாட்டாய்."

கூடத்தில் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. போனை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்தேன். இரண்டு நிமிடம் கழித்துக் காதில் வைத்தபோது அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடிக்கிற பையன் யார்?" என்றாள். "காலப்பிரமாணம் நன்றாக நிற்கிறது."